ஓடாத டயர்

வேங்கிக்கால்
3.3.2025

சகாதேவனுக்கு,

பிப்ரவரி பதிமூன்றாம் தேதி காலை செஞ்சி ரோட்டில் உன் வண்டி புளியமரத்தில் மோதியது. முன் சீட்டில் இருந்த அம்மா அங்கேயே செத்துப்போனாள். ஓட்டிய நீ தாடை உடைந்து பிழைத்துக்கொண்டாய். உன்மேல் போலீசில் புகார் கொடுத்தது நான். நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் அது கதை.

ஊரான் வாயால் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். தாடையில் கம்பி போட்டிருப்பதால் உன்னால் பேச முடியாது என்று என் கடை முருகவேல் சொன்னான். பேச முடிந்தாலும் நான் போன் செய்திருக்க மாட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உன் பெண்டாட்டி கீதாஞ்சலி அதைக் கீழ்பென்னாத்தூர் முழுக்க அனுப்பிவிடுவாள். கடை டெலிவரி வண்டி வாராவாரம் அந்தப் பக்கம் வருகிறது. முருகவேல் கையில் கடிதம் வரும். பதில் இருந்தால் அவன் கையில் கொடு. இல்லையென்றால் ஒரு டீ கொடுத்து அனுப்பு.

ஏன் புகார் கொடுத்தேன் என்று நினைப்பாய். முந்தின ராத்திரி பௌர்ணமி. பௌர்ணமி ராத்திரி எந்த டாக்சிக்காரன் வீட்டில் படுத்துத் தூங்குவான்? விடியவிடிய கிரிவலக் கூட்டத்தை ஏற்றி இறக்கிவிட்டு, அந்தக் கண்ணோடு அம்மாவை ஏற்றியிருக்கிறாய். தூங்கிவிட்டாய். இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். பெற்ற மகளே கொடுத்த புகார் என்பதால் இன்ஸ்பெக்டர் மறு கேள்வி கேட்கவில்லை.

தூங்கிவிட்டேன் என்று ஒத்துக்கொள். லைசென்ஸ் போகும், கொஞ்ச நாள் உள்ளே இருக்க வேண்டிவரும். வக்கீலுக்குக் கொட்டி அழுதாலும் அதேதான் நடக்கும்.

அம்மா காரியத்துக்கு வந்தேன். பந்தலுக்கு வெளியே நின்றேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. நானும் அதற்காக வரவில்லை.

இன்னொன்று. என் கடை நிற்கிற இடம் அம்மா பேரில் இருந்தது. இப்போது சட்டப்படி பாதி உனக்கு வரும். அதில் நீ ஒரு கல் எடுத்து வைத்ததில்லை. விடுதலைப் பத்திரம் தயார் செய்யச் சொல்கிறேன். கை நன்றாகத்தானே இருக்கிறது? கையெழுத்துப் போட தாடை தேவையில்லை.

தமிழ்செல்வி
வெள்ளையம்மாள் டயர்ஸ்


கீழ்பென்னாத்தூர்
9.3.2025

அக்காவுக்கு,

நான் தூங்கவில்லை.

இதை ஆஸ்பத்திரியில் போலீஸ்காரரிடம் ஒரு அட்டையில் எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு "எல்லாரும் இதத்தாம்பா சொல்றீங்க"ன்னு சிரித்தார். புகார் கொடுத்தது யார் என்று கேட்டு எழுதினேன். உன் பெயரைச் சொன்னார். வேறு தமிழ்செல்வியாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி நான் சவாரிக்கே போகவில்லை அக்கா. பௌர்ணமியாச்சே என்று கிளம்பினேன். அம்மாதான் வாசலில் மறித்து, "ஒரு ராத்திரி சம்பாதிக்கலன்னா குடி முழுகிடாது, காலைல நல்ல காரியத்துக்குப் போறோம், படுடா"ன்னாள். எட்டு மணிக்கே படுத்துவிட்டேன். கீதாஞ்சலியைக் கேள். கேட்க மாட்டாய். இனியாவையாவது கேள். குழந்தை பொய் சொல்லாது.

காலையில் வண்டி நல்லபடியாகத்தான் போனது. வேகம் ஜாஸ்தி இல்லை. அம்மா ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். ஸ்டீயரிங் தானாக இடது பக்கம் சுற்றியது. முழு பலத்தோடு வலது பக்கம் இழுத்தேன். வண்டி கேட்கவில்லை. மரம் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் வந்தது. நான் மரத்தைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

முன்பக்க இடது டயர் அக்கா. உன் கடையில் ரொட்டேஷன் செய்தபோது மாட்டினது. ஆக்சிடெண்டுக்கு முந்தின வாரம். முன் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டது, புதுசு வாங்கக் கையில் இல்லை, அதனால் டிக்கியில் இருந்த ஸ்டெப்னியை முன்னாடி போடச் சொன்னேன். எனக்குப் புரியாதது இதுதான். அந்த ஸ்டெப்னி புத்தம் புதுசு. வண்டி வாங்கினதிலிருந்து ரோட்டில் படாதது. உனக்குத்தான் தெரியுமே, அம்மா அதைத் தொட விடமாட்டாள். ஆயுத பூஜைக்கு ஓடுகிற நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்பாள், ஓடாத டயருக்கு மட்டும் வெளியே எடுத்து மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பாள். வழியில் பஞ்சர் ஆனால்கூட ஸ்டாண்டு விமல்ராஜிடம் அவன் ஸ்டெப்னியைக் கடன் வாங்கி ஓட்டிக்கொண்டு வருவேன். "சொந்த ஸ்டெப்னிய பீரோல வெச்சு பூட்டிட்டியா"ன்னு ஸ்டாண்டில் கிண்டல் செய்வார்கள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்த டயர் எப்படி வெடிக்கும்? நீ டயர் விற்கிறவள். உனக்குத் தெரியும். டயர்தான் வெடித்தது, இவன் தூங்கவில்லை என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. லைசென்ஸ் போனால் நானும் போனேன். அதுகூடப் பரவாயில்லை. பெற்றவளைத் தூக்கக் கலக்கத்தில் கொன்றவன் என்று இனியாவிடம் பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள்.

கடை இடத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அம்மா சாம்பல்கூட இன்னும் ஆறவில்லை.

சகாதேவன்


வேங்கிக்கால்
14.3.2025

சகாதேவனுக்கு,

சாம்பல் ஆறுகிற வரை பத்திரம் காத்திருக்கலாம். பேங்கு காத்திருக்காது. கடையை அடமானம் வைத்துத்தான் சரக்கு எடுக்கிறேன். இடம் என் பேரில் இல்லையென்றால் அடுத்த லோடு இறங்காது. உனக்கு லைசென்ஸ் எப்படியோ எனக்கு அந்த இடம் அப்படி.

டயரைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். இதற்குக் காசு வாங்குவதில்லை.

உன் வண்டியில் இழுக்கிற வேலையும் முன் சக்கரத்துக்கு, திரும்புகிற வேலையும் முன் சக்கரத்துக்கு, பிரேக் பிடித்தால் பாதிக்கு மேல் பாரமும் முன் சக்கரத்துக்கு. பின் சக்கரம் சும்மா கூட வருகிறது. அதனால் முன்னது சீக்கிரம் தேயும். அதற்குத்தான் ரொட்டேஷன். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னால் தள்ளி, பின்னதைப் பக்கம் மாற்றி முன்னால் கொண்டுவர வேண்டும். ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்க்க வேண்டும். ஐந்தும் முறை போட்டு ஓடினால் ஐந்தும் நெடுநாள் உழைக்கும். நாலு தேய்ந்து சாக, ஒன்று மட்டும் டிக்கியில் மஞ்சள் பூசிக்கொண்டு படுத்திருந்தால் அது வண்டி இல்லை, நம் வீடு.

இதை நான் உனக்கு வண்டி வாங்கிய வருஷமே சொன்னேன். "போக்கா, புதுச யாராவது கெடுத்துக்குவாங்களா"ன்னு சொன்னாய்.

புதுசு! உனக்கும் அம்மாவுக்கும் ஒரே வியாதி. கடையில் முதல் லாபம் பார்த்த வருஷம் அவளுக்கு ஒரு ஆரணிப் பட்டு எடுத்துக் கொடுத்தேன். நல்ல காரியத்துக்குக் கட்டுகிறேன் என்று பெட்டியில் மடித்து வைத்தாள். எத்தனை கல்யாணம் போனது, கட்டவில்லை. கடைசியில் உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எடுத்துக் கட்டினாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து தொங்கியது. கட்டாத புடவை புதுசு என்று அவள் நினைத்தாள். பெட்டிக்குள்ளும் நாள் ஓடும் என்று தெரியாது.

ரப்பரும் அப்படித்தான். ஓடினாலும் சாகும், ஓடாவிட்டாலும் சாகும். நம் ஊர் வெயிலில் நிற்கிற வண்டி டிக்கி இட்லிப் பானை. ஐந்தாறு வருஷத்துக்கு மேல் எந்த டயரையும் நம்பக் கூடாது. மேலே பூ தேயாமல் இருக்கும், புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் மயிர்கூட நிற்கும். அழுத்திப் பார்த்தால் மரக்கட்டை. அதை முன்னால் மாட்டி, ஆளை ஏற்றி, சூடான தார் ரோட்டில் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

டயரின் வயது ரகசியம் இல்லை. பக்கவாட்டில் சின்னதாக ஒரு வளையத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டும் எந்த வாரம், அடுத்த இரண்டும் எந்த வருஷம். உன் வண்டி ஸ்டேஷன் வாசலில்தானே நிற்கிறது? போய்ப் பார். படிக்கத் தெரிந்தவன்தானே.

மற்றபடி, கோர்ட்டில் நான் ஏன் வந்து நிற்க வேண்டும்? அப்புறம் வெள்ளையம்மாள் டயர்ஸில் மாட்டின டயர் வெடிக்கும் என்று ஊரில் பேசுவார்கள். கலெக்டர் ஆபீஸ் வண்டிகள் பாதி என் கடைக்குத்தான் வருகின்றன.

நல்ல காரியம் என்று எழுதியிருந்தாய். என்ன நல்ல காரியம்? அவள் என் வீட்டு வாசலை மிதித்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. வியாழக்கிழமை காலையில் டவுனில் உங்களுக்கு என்ன கல்யாணம்?

தமிழ்செல்வி


கீழ்பென்னாத்தூர்
22.3.2025

தமிழ்செல்வி,

போய்ப் பார்த்தேன்.

வண்டியைச் சுவரோரம் தள்ளி விட்டிருக்கிறார்கள். இடது பக்கம் கதவே இல்லை. உள்ளே அம்மா செருப்பு ஒன்று கிடக்கிறது. அதை எடுக்கலாமா என்று கேட்டேன், கேஸ் முடிகிற வரை எதையும் தொடக்கூடாது என்று ஏட்டு சொன்னார்.

டயர் பக்கவாட்டில் கிழிந்து வாய் பிளந்து கிடக்கிறது. நீ எழுதின மாதிரியே மேலே ரப்பர் மயிர் நிற்கிறது. பொட்டு வைத்த இடத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை. குனிந்து எச்சில் தொட்டுத் துடைத்தேன். 0915. ஒன்பதாவது வாரம், பதினைந்தாம் வருஷம். பத்து வருஷம். இனியா பிறப்பதற்கு முன்னால் செய்த டயர்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏட்டு தண்ணீர் கொடுத்தார். ஸ்ட்ரா போட்டுத்தான் குடிக்க முடிகிறது.

உட்கார்ந்திருந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. அன்று உன் கடையில் முருகவேல் அந்த ஸ்டெப்னியை எடுத்து உருட்டிக்கொண்டு போனான். பாதியில் நின்றான். பக்கவாட்டைப் பார்த்தான். கட்டைவிரலால் அழுத்தினான். அப்புறம் உன்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, இது..."ன்னு ஆரம்பித்தான். நீ கல்லாவில் உட்கார்ந்திருந்தாய். போனில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "கஸ்டமர் இன்னா கேக்கிறாரோ அதப் போடு முருகவேலு"ன்னு சொன்னாய். நான்கூடச் சிரித்தேன். அக்கா கோபத்தில் கஸ்டமர் என்கிறாள், போகப்போகச் சரியாகிவிடும் என்று.

உனக்குத் தெரியும்.

தெரிந்தே மாட்ட விட்டாய். மாட்டிவிட்டு ஜிஎஸ்டி போட்டு பில்லும் கொடுத்தாய். அப்புறம் நான் தூங்கினேன் என்று நீயே போய் எழுதிக் கொடுத்தாய். நான் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டாய். என் வாயும் உனக்கு வசதியாக உடைந்து கிடந்தது.

கட்டினவன் ஏன் உன்னை விட்டுவிட்டு ஓடினான் என்று ஊரில் பல பேர் பல மாதிரி சொன்னார்கள். நான் ஒருத்தரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசினதில்லை. இப்போது புரிகிறது. அவன் பிழைத்தான்.

தெரியுமா, தெரியாதா? ஒரு வரி எழுது.

சகாதேவன்


வேங்கிக்கால்
27.3.2025

சகாதேவனுக்கு,

தெரியுமா என்று கேட்கிறாய். இதற்கு எழுத்தில் பதில் சொல்ல நான் என்ன முட்டாளா?

ஆனால் உனக்கு ஞாபக சக்தி வந்திருக்கிறது. சந்தோஷம். அப்படியே கொஞ்சம் பின்னாலும் போய்ப் பார். உன் வீட்டுக் கிரகப்பிரவேசம். தட்டு வரிசையோடு ஆட்டோவில் வந்து இறங்கினேன். கீதாஞ்சலி வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க, முதல் தட்ட வாழுற பொம்பள எடுத்துட்டு வரணும்னு சொல்றாங்க"ன்னாள். சொல்றாங்க! யார் சொல்றாங்க? நீ பின்னாலேயே வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றாய். தட்டை என் கையிலிருந்து வாங்கி வேறு ஒருத்தி கையில் கொடுத்தது நீ. கிழிந்த பட்டுப் புடவையைப் பிடித்துக்கொண்டு அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் வந்து உட்கார்ந்து என்ன கேட்டாய்? "கலெக்டர் ஆபீஸ் பக்கம் இப்ப சென்ட் இன்னா போகுதுக்கா? நம்ம இடம் பாதி எனக்கும் வரும்ல." நம்ம இடம்! அங்கே முள் வெட்டினபோது நீ எங்கே இருந்தாய்? நான் பஞ்சர் ஒட்டி, லாரிக்காரன் பேச்சையெல்லாம் கேட்டு, கையில் சொல்யூஷன் நாற்றத்தோடு சோறு தின்றபோது அது கட்டாந்தரை. விலை ஏறினதும் நம்ம இடம்.

அதற்கப்புறம் நீ என் கடைக்கு வந்தது அந்த ரொட்டேஷனுக்குத்தான். டவுனில் மற்ற கடைகளைவிட எனக்கு ரேட் கம்மி, அதனால் வந்தாய். ஒரு மன்னிப்பு, ஒரு "எப்படிக்கா இருக்கே"? ஒன்றும் இல்லை. "புதுச முன்னாடி போடச் சொல்லு, சீக்கிரம்"ன்னாய். தம்பி வந்திருந்தால் டயரை அழுத்திப் பார்த்து, இரண்டு திட்டுத் திட்டி, அதைப் பிளேடால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கடனுக்கு இரண்டு புதுசு மாட்டி அனுப்பியிருப்பேன். வந்தது கஸ்டமர். கஸ்டமர் கொண்டுவரும் டயருக்குக் கடை பொறுப்பில்லை என்று சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறேன். அதன் கீழேதான் நீ நின்றாய்.

கேட்கிறவனுக்குச் சொல்வேன். கேட்காதவனுக்கு நிறுத்திச் சொல்ல நான் கோயில் வாசலில் உட்காரவில்லை.

அதில் அம்மா ஏறுவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் பஸ்ஸில்தான் வருவாள். எப்போதும் பஸ்தான். கார் வாசனை அவளுக்குக் குமட்டும்.

சரி, வியாபாரத்துக்கு வருகிறேன். உனக்கு என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும். எனக்கு உன் கையிலிருந்து ஒரு கையெழுத்து வேண்டும். உன் பாதியை எழுதிக் கொடு. டயர் பழசு, வெடித்தது, அவன் தூங்கவில்லை என்று கோர்ட்டில் சொல்கிறேன். யார் மாட்டினார்கள், யாருக்கு என்ன தெரியும் என்பதெல்லாம் வராது. ஊரில் சாட்சி சொல்ல இதைவிட ஜாஸ்தி கேட்பார்கள்.

தமிழ்செல்வி


கீழ்பென்னாத்தூர்
5.4.2025

உரிமையாளர் தமிழ்செல்வி அவர்களுக்கு,

கஸ்டமர் சகாதேவன் எழுதிக்கொள்வது.

நேற்று தாடைக் கம்பியை எடுத்துவிட்டார்கள். பேசலாம். முதலில் யாரிடம் பேசுவது என்று யோசித்தேன். உங்களுக்குப் போன் போட்டேன். எடுத்து "வெள்ளையம்மாள் டயர்ஸ்"ன்னு சொன்னீர்கள். வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் டவுனில் என்ன கல்யாணம் என்று முன்பே கேட்டீர்கள். நான் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று. போன கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கவலை இல்லை.

அம்மா உங்கள் வீட்டுக்கு வரவில்லை. ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்தாள். கடை இடம் முழுவதையும் உங்கள் பேரில் எழுதி வைப்பதற்கு. பாதி இல்லை, முழுசு.

கிரகப்பிரவேசத்தன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டாள். என்னோடு பேசமாட்டாள், சாப்பிடமாட்டாள். "தட்ட வாங்கிக் குடுத்தியே, அவ வெச்ச சோத்த வாங்கித் தின்னுதான்டா நீ படிச்சே"ன்னு அதையே சொல்லிச் சொல்லி ஒரு வருஷம். பொங்கலுக்கு நான் சரி என்றேன். பிற்காலத்தில் தகராறு வரக்கூடாது என்று என்னையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அதற்கும் சரி என்றேன். பத்திரம் ரிஜிஸ்தர் ஆன பிறகு அதைக் கொண்டுவந்து கடையில் உங்கள் கல்லாமேல் வைக்க வேண்டும், அதுவரை உங்களுக்குத் தெரியக்கூடாது என்பது அம்மா கட்டளை. ரொட்டேஷனுக்கு என்னை உங்கள் கடைக்கு அனுப்பினதும் அவள்தான். "ரேட்டு கம்மினு சொல்லிட்டுப் போ, ஆனா மூஞ்சப் பாத்துப் பேசிட்டு வா"ன்னாள். நான் பேசவில்லை. அது என் தப்புதான். வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் போகலாம் என்றேன். "மவளுக்குச் சொத்து எழுதப் போறேன், பஸ்ல நசுங்கிட்டா போவேன்? வண்டிய எடு. புதுச முன்னாடி போட்டு எடு"ன்னாள்.

நம்பிக்கை இல்லையென்றால் டவுனில் பத்திரம் எழுதுகிற சின்னசாமியைக் கேளுங்கள். அவரிடம்தான் தயாராக இருந்தது.

அந்த டயரைப் பார்த்து அன்று ஒரு பேச்சு, "டேய், இது செத்தது"ன்னு ஒரு பேச்சு சொல்லியிருந்தால் இடம் உங்களுக்கு. அம்மாவும் உங்களுக்கு. நானும்கூட. மூன்றையும் ரொட்டேஷன் கூலிக்கு விற்றீர்கள். இவ்வளவு கெட்டிக்கார வியாபாரி இப்படி நஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது என் விலையைச் சொல்கிறேன். உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

டயர் பழசு என்று மட்டும் சொன்னால் போதாது. "அந்த டயர் செத்ததுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் மாட்ட விட்டேன்" என்று உங்கள் வாயால், எல்லாரும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். கடைப் பலகையிலிருந்து அம்மா பெயரை எடுக்க வேண்டும். கேஸ் முடிந்து வண்டி வெளியே வந்ததும் ஐந்து டயர் புதுசாகப் போட்டுத் தர வேண்டும். அதற்குப் பாதி இடம்.

இல்லையென்றால் என் பாதியை வேறு டயர் கடைக்காரனுக்கு விற்பேன். நடுவில் சுவர் எழுப்பி வியாபாரம் பார்ப்பான்.

சகாதேவன்


வேங்கிக்கால்
12.4.2025

சகாதேவனுக்கு,

சின்னசாமியைப் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். "இன்னாம்மா, உங்களுக்குத் தெரியாதா? பொங்கல்ல இருந்து நடந்தாங்களே உங்கம்மா. அன்னைக்கு டோக்கன்லாம் போட்டு வெச்சிருந்தேன், மதியம் வரைக்கும் பாத்தேன். தகவல் வந்துச்சு, மனசு கேக்கல"ன்னார். தட்டச்சுச் செய்த பத்திரத்தை எடுத்துக் காட்டினார். கையெழுத்து விழாத பத்திரம் வெறும் காகிதம். இருந்தாலும் படிக்கச் சொன்னேன். "என் மகள் தன் கையால் உழைத்து உண்டாக்கிய இடம்" என்று ஒரு வரி வந்தது. அது இவர் எல்லாப் பத்திரத்திலும் போடுகிற வரியா என்று கேட்டேன். "இல்லம்மா, அத உங்கம்மாதான் சொல்லிச் சேக்கச் சொன்னாங்க"ன்னார். இன்னொரு முறை கேட்டேன். அதையேதான் சொன்னார்.

மறுநாள் கடை திறக்கவில்லை. துக்கம் என்று முருகவேல் உன்னிடம் வந்து அளப்பான். நம்பாதே. சரக்குக் கணக்குப் பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு மேலான டயர் எது வந்தாலும், கஸ்டமர் கொண்டுவந்ததானாலும், வெட்டிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். போகட்டும். சுவரில் எழுதியிருந்ததையும் சுண்ணாம்பு அடித்தாயிற்று.

நீ நஷ்டக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாய். அதில் ஒரு தப்பு. அன்று நான் சொல்லியிருந்தால் என்றுதான் எழுதுகிறாய். நீ "அக்கா" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் என்றும் சேர்த்துக்கொள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வார்த்தையை டிக்கியில் பூட்டி வைத்திருந்தோம். அம்மா பிள்ளைகள்தானே.

இனி கடிதம் வேண்டாம். இதைப் படித்ததும் முருகவேல் கண்ணெதிரே அடுப்பில் போடு. பேசி முடித்தது கீழே.

வக்கீலிடம் கேட்டுவிட்டேன். நீ கேட்ட மாதிரி சொன்னால் எனக்கு ஜெயில் வருமா வராதா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பெயர் போவது மட்டும் உறுதி என்றார். ஊர் இரண்டு வருஷத்தில் மறக்கும். இடம் இருக்கும். சம்மதம். கேஸ் கூப்பிடுகிற அன்று காலையில் கோர்ட்டில், தெரியும் என்றும், தெரிந்தே விட்டேன் என்றும் சொல்வேன். ஒரு தடவைதான் சொல்வேன். தூங்கினாய் என்று கொடுத்த புகார் பொய் என்றும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அன்று மதியமே ரிஜிஸ்தர் ஆபீஸ். சின்னசாமிதான் எழுதுவார். அவர் கூலியில் ஆளுக்குப் பாதி. அந்த வரி இந்தப் பத்திரத்தில் வேண்டாம். நீ தருவதாக இருந்தால் வெறும் எல்லை அளவு போதும்.

பலகை நேற்றே இறங்கிவிட்டது.

அம்மா திதியை நீ உன் வீட்டில் கொடு, எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம். கடைக்கு வந்தால் பில் உண்டு.

டயர் ஐந்து கேட்டாய். நாலு போடுகிறேன், இந்த வருஷத்து எண் பார்த்து. ஸ்டெப்னி உன் செலவு.

தமிழ்செல்வி